மலைக்குளிரும் கைக்குழந்தையும்

கூடாரத்தில் படுப்பது நம்மவர்களுக்குப் புதிய விஷயமன்று. காட்டை அழித்து ரப்பர் கன்று நட்ட காலத்தில், நம் முன்னோர்கள் அத்தாப்புக் கூரையின் கீழ் மண் தரையில் படுத்து எழுந்தவர்கள். கூலிக்காகக் காட்டில் படுத்த அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பணம் கொடுத்துக் காட்டில் படுக்கப் போகிறார்கள். இதைக் கண்டு நகைப்போர் உண்டு. எனக்கு நகைப்பு வரவில்லை. தன் விருப்பத்தினால் ஒருவன் காட்டையும் மலையையும் பார்க்கப் புறப்படுவதும் ஒருவகை விடுதலை என்றே எண்ணுகிறேன்.

ஈப்போவிலிருந்தும், பத்து காஜா, கம்பார், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் விடுமுறைதோறும் வண்டி வண்டியாக நம்மவர் சிம்பாங் பூலாய்ச் சாலை வழியே கேமரன் மலைக்கு ஏறுகின்றனர். அந்த வண்டிகளில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பாருங்கள். ஆண்கள் இருப்பார்கள், பள்ளிப் பிள்ளைகள் இருப்பார்கள். கைக்குழந்தையும் அதைப் பெற்றவளும் பெரும்பாலும் இரார். "பச்சைப் பிள்ளைக்குக் குளிர் ஆகாது" என்ற ஒரு வாக்கியம் அவ்விருவரையும் வீட்டில் பூட்டிவிடுகிறது. பிள்ளை பெற்ற குற்றத்திற்காகப் பெண்ணுக்கு ஓராண்டு வீட்டுக் காவல். தகப்பனுக்கோ அந்தத் தண்டனை கிடையாது. அவன் நண்பர்களோடு மலையேறி, குளிரில் தேநீர் அருந்தி, படம் பிடித்து வீட்டுக்கு அனுப்புவான்.

சென்ற ஆண்டு எங்கள் தோட்ட அலுவலகத்துக் குடும்பங்கள் சில மலையில் இரண்டு இரவு தங்குவதென்று தீர்மானித்தபோது, எங்கள் மகளுக்கு நான்கு மாதம் நிறைந்திருந்தது. நான் மட்டும் போய்வரலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். என் துணைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமலிருந்ததே என்னை யோசிக்க வைத்தது. ஆங்கிலத்தின் வழியாகப் படித்த கிராணிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதற்கும் முதலில் புத்தகத்தைப் புரட்டுவோம். புரட்டினேன். ஒரு மருத்துவரையும் போய்ப் பார்த்தோம். குழந்தை நல்ல எடையோடும் நலத்தோடும் இருப்பதால் தடையில்லை என்று அவர் சொன்ன பிறகே பேச்சு வீட்டில் தொடங்கிற்று.

முதலில் குளிர் என்பது என்ன என்று பார்ப்போம். வளர்ந்தவனுக்குக் குளிர்ந்தால் உடல் நடுங்குகிறது. அந்த நடுக்கமே அவனுக்குச் சூடு தருகிறது. பிறந்த குழந்தைக்கு அப்படி நடுங்கத் தெரியாது. அதன் தோள்பட்டைகளுக்கு இடையிலும் கழுத்தைச் சுற்றியும் பழுப்புக் கொழுப்பு என்ற ஒன்று இருக்கிறது. அதை எரித்தே அது சூடு உண்டாக்கிக்கொள்கிறது. எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல்பரப்பு நம்முடையதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. எனவே அது விரைவில் குளிர்ந்துவிடும். இதுவரை பாட்டிமார் சொல்வது சரியே. ஆனால் விரைவில் குளிரும் உடல் விரைவில் சூடேறவும் செய்யும். போர்த்தியதை உதறத் தெரியாத பருவம். புழுங்குகிறது என்று சொல்ல வாயில்லாத பருவம். அளவுக்கு மீறிய சூடும் உறக்கத்தில் குழந்தை திடீரென இறந்துபோவதற்கு ஏதுவாகும் காரணங்களில் ஒன்று என்று மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். பாட்டிமாரின் கணக்கில் இந்தப் பாதி இல்லை.

கேமரன் மலையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பம், 1978ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் அளந்த 7.8 பாகை. அது அபூர்வம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரைப் பாகை குறையும் என்பது பொதுக்கணக்கு. ஈப்போவின் இரவு 24 பாகை என்றால், 1,400 மீட்டருக்கு மேலுள்ள தானா ராத்தாவில் 15 பாகை இருக்கும். நமக்கு இது பெருங்குளிர். ஆனால் பிரிட்டனில் கைக்குழந்தைகள் உறங்கும் அறையை எவ்வளவு சூட்டில் வைக்கச் சொல்கிறார்கள் தெரியுமா? 16 முதல் 20 பாகை வரை. நம் பாட்டிமார் "பிள்ளை விறைத்துவிடும்" என்று அஞ்சும் மலையிரவு, அந்நாட்டுக் குழந்தையின் படுக்கையறையைவிடச் சற்றே குளிர்ந்தது, அவ்வளவுதான். ஈப்போவின் புழுக்கத்தில் காலுறை, கையுறை, காதை மூடும் கம்பளிக் குல்லாய் எல்லாம் மாட்டிக்கொண்டு வேர்வையில் நனைந்து கிடக்கும் குழந்தைகளைப் பார்க்கும்போது எனக்கு அதிக அச்சம் உண்டாகிறது.

நிற்க. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லவேண்டும். என் மாமியார் இளமை முழுவதும் பால்வெட்டில் உழைத்தவர். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் ரப்பர் மரம் நன்றாகப் பால் சுரக்கும். ஆகையால் இருட்டிலேயே பெரட்டு. அந்த இருட்டில் உறங்கும் பிள்ளையைக் கம்பளியில் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஆயாக் கொட்டகைக்கு நடந்து, ஆயாவின் கையில் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கோடு நிரைக்குப் போன தாய்மார்களில் அவரும் ஒருவர். பிள்ளைக்குப் பனிபடாமல் காப்பது எப்படி என்று அவருக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. அந்த அச்சம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

பயணத்திற்கு முந்திய நாள் அவர் ஒரு பை கட்டினார். அதில் ஒரு மண்சட்டியும், ஒரு பொட்டலம் கரியும், சாம்பிராணியும் இருந்தன. கூடாரத்துக்குள் கணப்பு வைப்பதற்காம்.

"அத்தை, மற்றதெல்லாம் எடுத்துக்கொள்கிறோம். கரி மட்டும் வேண்டாம்" என்றேன்.

"கரி வேண்டாமென்றால் பிள்ளைக்குச் சூடு எப்படி, மாப்பிள்ளை? உங்கள் மனைவியைப் பெற்றபோது நாற்பது நாளும் என் கட்டிலுக்குக் கீழே கரிச்சட்டி இருந்தது. யாருக்கு என்ன ஆயிற்று?"

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வெளிப்படும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு ஏறவேண்டிய இடத்தில் இது ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாகப் பற்றிக்கொள்ளும். காற்றோட்டமுள்ள வீட்டில் அது வெளியேறிவிடும். துணிக்கூடாரத்திலோ அடைத்த அறையிலோ போக வழியின்றித் தேங்கும். குழந்தை நம்மைவிட வேகமாக மூச்சு வாங்குவதால் அதன் இரத்தத்தில் விரைவாக ஏறும். தீ தணிந்து கரி வெறுமனே கனன்றுகொண்டிருக்கும்போதும் இந்த ஆபத்து நீங்காது. முதலில் தலைவலி, பிறகு வாந்தி, பிறகு உறக்கம். அந்த உறக்கத்திலிருந்து எழாதவர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள்.

மாமியார் மறுத்துப் பேசவில்லை. சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "தலைவலியும் வாந்தியுமா?" என்று மட்டும் கேட்டார்.

அவருடைய அக்காளுக்குத் தலைப்பிள்ளை பிறந்து இருபதாவது நாள். அடைமழைக் காலம். லயத்து வீட்டின் பலகை இடுக்குகளில் சாரல் அடிக்கிறதென்று, சாக்குகளைக் கிழித்து எல்லா இடுக்குகளையும் அடைத்தார்களாம். கதவைச் சாத்தி, அடியில் துணியைத் திணித்து, ஏணைக்குக் கீழே கரிச்சட்டியை வைத்தார்களாம். விடிந்தபோது குழந்தை இல்லை. தாய் தலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ரப்பர்க் காட்டுப் பேய் அடித்துவிட்டது என்று லயம் முழுவதும் சொன்னது. பூசாரி வந்தார், கோழி அறுத்தார்கள். ஒற்றை மரத்தடியில் அந்தி வேளையில் நின்றாள் என்று அந்தப் பெண்ணைத்தான் குற்றம் சொன்னார்கள். வாழ்நாள் முழுவதும் அவள் அதைச் சுமந்தாள். "அக்காள் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது, மாப்பிள்ளை. இருந்திருந்தால் இன்றைக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன், உன்மேல் பிழை இல்லையடி என்று."

அவரே எழுந்துபோய்ச் சட்டியைப் பின்கட்டில் வைத்துவிட்டு வந்தார். கரிப் பொட்டலத்தைப் பிரித்து ரோஜாச் செடிக்கு அடியில் கொட்டினார். மறுநாள் வண்டியில் முதலில் ஏறி உட்கார்ந்தவரும் அவரே.

இனி மலையில் என்ன செய்தோம் என்பதைச் சொல்கிறேன். போர்வைக்கு முன் பார்க்கவேண்டியது இடம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எங்களுக்கு முதலில் காட்டிய இடம் ஓடைக்கரையில், ஒரு மண்சரிவின் அடிவாரத்தில் இருந்தது. காட்சிக்கு மிக அழகு. நான் வேண்டாமென்றேன். நம் பேராக்கிலேயே, கம்பாரை அடுத்த போஸ் டிப்பாங் என்னும் ஒராங் அஸ்லி கிராமத்தில் 1996 ஆகஸ்ட் 29 அன்று மலையிலிருந்து மரங்களோடு இறங்கிய சேற்று வெள்ளம் 44 பேரைக் கொண்டுபோயிற்று. 2022 டிசம்பர் 16 அன்று சிலாங்கூரின் பத்தாங் காலியில், கூடாரங்களில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது விடிவதற்கு முன்பே மலைச்சரிவு வந்து விழுந்தது. 31 பேர் மாண்டனர். அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். அவர்களுடைய தாய்மாரும் குழந்தைகளுக்கு நன்றாகவே போர்த்தியிருப்பார்கள். நான்கு அடுக்குக் கம்பளியால் மலையைத் தடுக்க முடியுமா? ஓடையும் அப்படியே. நாம் இருக்குமிடத்தில் வானம் தெளிந்திருக்கும். மேலே எங்கோ பெய்த மழை ஒரே அலையாக வந்து சேரும். மலாய்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். சரிவுக்கும் ஓடைக்கும் எட்ட, காய்ந்த கிளை தலைக்குமேல் இல்லாத மேட்டுச் சமவெளியில் கூடாரம் போட்டோம். காட்சி அவ்வளவு அழகில்லை என்று இரண்டு நண்பர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

இரண்டாவது, தரை. குளிர் மேலிருந்து வருவதாகவே எல்லோரும் எண்ணுகிறோம். படுத்திருப்பவனுடைய சூட்டைத் தரையே உறிஞ்சுகிறது. தரை ஈரமானால் இன்னும் வேகமாக உறிஞ்சும். மேலே பத்துப் போர்வை இருந்து கீழே ஒன்றும் இல்லையென்றால் பயனில்லை. கூடாரத்தின் அடித்துணிமேல் தடித்த நுரைப்பாய் இரண்டை விரித்தோம். அதன்மேல், ஈப்போவில் வாங்கிய ஆழங்குறைந்த அகலமான பிரம்புக் கூடை. கூடைக்குள் மடங்காத தட்டையான மெத்தை. தலையணை இல்லை, பொம்மையும் இல்லை. நியூசிலாந்தில் மாவோரி மக்கள், தாயின் பக்கத்திலேயே குழந்தை தனியாகப் படுப்பதற்கென்று நாரிலையால் முடைந்த 'வஹாகூரா' என்ற கூடையைப் பழக்கத்திற்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று படித்திருந்தேன். அந்த யோசனையை அங்கிருந்தே எடுத்துக்கொண்டேன். குழந்தையைப் பிரிக்காமலும், உறக்கத்தில் நசுக்காமலும் இருப்பதற்கு இது நல்ல வழி. பெரியவர்கள் படுக்கும் பஞ்சுப்பைக்குள் குழந்தையையும் நுழைத்துக்கொண்டு படுப்பவர்கள் உண்டு. அன்பினால் செய்கிறார்கள், ஆனால் மூக்கும் வாயும் மூடிப்போக அதுவே போதும். மரக்கிளையில் ஏணை கட்டலாமே என்றார் ஒருவர். இவ்வளவு சிறிய குழந்தை இராமுழுதும் ஏணையில் வளைந்து கிடந்தால் தாடை மார்பில் படிந்து மூச்சுக்குழல் குறுகலாம். பகலில், நாம் பார்த்துக்கொண்டிருக்கையில் சற்று நேரம் ஆட்டுவது வேறு.

மல்லாக்கப் படுக்கவைத்தோம். இதில் மாமியாருக்கு இன்னும் சம்மதமில்லை. கவிழ்ந்து படுத்தால் பிள்ளை நன்றாக உறங்கும் என்பது அவர் கட்சி. நன்றாக உறங்குவது உண்மை. ஆனால் அமெரிக்காவில் 1994 முதல் குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைக்கும்படி வீட்டுக்கு வீடு சொன்ன பிறகு, உறக்கத்தில் திடீரென நேரும் மரணங்கள் சில ஆண்டுகளில் பாதிக்கு மேல் குறைந்தன. ஒரு மருந்தும் இல்லாமல், படுக்கும் விதத்தை மாற்றியதால் வந்த பலன் இது.

உடுப்பில் ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். எங்களுக்கு வசதியாயிருக்கும் அடுக்குகளுக்குமேல் குழந்தைக்கு ஓர் அடுக்கு அதிகம், அதற்குமேல் இல்லை. உடம்பை ஒட்டிய பருத்திச் சட்டை, கை கால் முழுவதும் மூடும் உடுப்பு, அதன்மேல் கை நுழையும் துளையுள்ள பைபோன்ற அங்கி. அங்கி மார்பிலிருந்து நழுவாது, முகத்தின்மேல் ஏறாது. தனிப்போர்வை போடவில்லை. வெளியே தூக்கிக்கொண்டு உலாவும்போது குல்லாய் உண்டு. கூடாரத்துக்குள் உறங்கியதும் கழற்றிவிட்டோம், கண்ணையும் மூக்கையும் மூடிக்கொண்டு இறங்கிவிடும் என்பதற்காக. படுக்கவைப்பதற்கு முன் வெந்நீர்ப் பையொன்றை மெத்தையில் கால்மணி வைத்து, குழந்தையைக் கிடத்துமுன் எடுத்துவிட்டோம். மாமியாருக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. கரிச்சட்டியின் வேலையைப் புகையில்லாமல் செய்கிறதே!

சூடு போதுமா என்று பார்க்கக் கையையும் காலையும் தொடாதீர்கள். குழந்தையின் கை கால்கள் எப்போதும் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். அதைத் தொட்டுப் பயந்துதான் இன்னொரு கம்பளியைப் போடுகிறோம். பிடரியிலும் மார்பிலும் விரலை வைத்துப் பார்க்கவேண்டும். அங்கே வேர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுக, குளிர்ந்திருந்தால் சேர்க்க. நலமுள்ள குழந்தையின் உடல் வெப்பம் 36.5க்கும் 37.5க்கும் இடையில் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒருவேளை குழந்தை குளிர்ந்து சோர்ந்துவிட்டால் கணப்பைத் தேடவேண்டாம். ஈரத்தைக் களைந்து, தாயின் அல்லது தகப்பனின் வெறும் மார்போடு சேர்த்து அணைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்திவிட்டு மருத்துவரிடம் புறப்படுக. அணைத்திருப்பவர் உறங்கிவிடக் கூடாது. கொலம்பியா நாட்டின் பொகொடா நகரில், குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய சூட்டுப் பெட்டிகள் இல்லாதபோது, எட்கர் ரே என்னும் மருத்துவர் 1978இல் இந்த முறையைத்தான் கையாண்டார். இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் அது நடைபெறுகிறது.

கூடாரத்தின் மேல்வாய்களைத் திறந்தே வைத்தோம். அடைத்தால் சூடாயிருக்கும் என்பது பொய். நம் மூச்சின் ஈரம் துணியில் நீராகக் கோத்து விடியற்காலையில் படுக்கையை நனைக்கும். ஒரு சிறிய வெப்பமானியைத் தொங்கவிட்டிருந்தேன். பின்னிரவு மூன்று மணிக்கு வெளியே 15, உள்ளே 17. கூடையின்மேல் கொசுவலை. கொசுவர்த்திச் சுருளை உள்ளே கொளுத்தவில்லை. சீனத்திலும் மலேசியாவிலும் விற்கும் சுருள்களை எரித்துப் பார்த்து 2003இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, ஒரு சுருளிலிருந்து வரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று காட்டியிருக்கிறது. தகப்பன் சிகரெட் பிடித்தால் சண்டை போடும் வீடுகளில் இந்தச் சுருள் மட்டும் தொட்டிலுக்கடியில் மரியாதையாக எரிகிறது.

பக்கத்துக் கூடாரத்து அம்மாள் ஒருவர் அக்கறையோடு, காற்றுக் கருப்பு அண்டாமலிருக்கக் கழுத்தில் கருப்புக் கயிறும், படுக்கையடியில் ஒரு கத்தியும் வேண்டும் என்றார். குழந்தையின் கழுத்தில் கயிறும் படுக்கையில் கத்தியும்! பேய் இதைவிட என்ன கேடு செய்துவிடும்? நான் வாய் திறக்குமுன் என் மாமியாரே, "வேண்டாமம்மா, எங்கள் வீட்டில் அதெல்லாம் விட்டாயிற்று" என்று சொல்லிவிட்டார். எப்போது விட்டோம் என்று என் துணைவி என்னைப் பார்த்தாள். நேற்று மாலையிலிருந்து என்று நினைக்கிறேன்.

இரவுக் காவலைப் பங்கிட்டோம். பால் கொடுக்க அவள் எழுந்தே ஆகவேண்டும். ஆகையால் அணையாடை மாற்றுவதும், பிடரி தொட்டுப் பார்ப்பதும், வெப்பமானி பார்ப்பதும் என்னுடையவை. இதைக் கேட்ட என் சகக் கிராணிமார் "ஆயாவுக்கு எவ்வளவு சம்பளம்?" என்று கேலி செய்தார்கள். தோட்டத்து ஆயாக்கள் இருபது முப்பது பிள்ளைகளை ஒரே ஆளாகக் காத்தார்கள். ஒரு பிள்ளையைக் காப்பதற்கு நான் ஏன் வெட்கப்படவேண்டும்? இரண்டாம் நாள் காலையில் என் துணைவி தன்னந்தனியாகத் தேயிலைச் சரிவு வரை நடந்துபோய் ஒருமணி நேரம் கழித்துத் திரும்பினாள். பிரசவத்திற்குப் பிறகு அவள் தனியே நடந்த முதல் நடை அது.

போக எண்ணுகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை, குறைமாதத்தில் பிறந்த குழந்தை, சளியோ காய்ச்சலோ உள்ள குழந்தை, இவற்றைக் கொண்டுபோக வேண்டாம். மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகை காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். எங்கள் வண்டியை இறங்கும் சாலையை நோக்கியே நிறுத்தியிருந்தோம். சாவி என் சட்டைப்பையில் இருந்தது, எண்ணெய் நிறைந்திருந்தது, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு எவ்வளவு நேரமாகும் என்று ஏறும்போதே பார்த்து வைத்திருந்தோம். இரண்டு இரவும் அந்தச் சாவிக்கு வேலை வரவில்லை. மழை வலுத்தால் நடு இரவானாலும் கூடாரத்தை விட்டுவிட்டு இறங்கிவிடுவதென்று முன்பே பேசி முடித்திருந்தோம். கூடாரம் கடையில் மறுபடி கிடைக்கும்.